நாற்பது நாள் துறவு: எதைத் துறப்பது?

காரைக்குடிப் பக்கத்தில் தைப்பூசத்துப் பழனி நடைக்கூட்டம் ஓய்ந்து சில வாரங்கள் கழிவதற்குள் மறுபடியும் காவி வேட்டிகள் கண்ணில் படத் தொடங்கிவிடும். கிட்டப்போய்ப் பார்த்தால் கழுத்தில் இருப்பது உருத்திராட்சமல்ல, ஜெபமாலை. போகும் ஊரும் பழனியல்ல, வேளாங்கண்ணி. கிறிஸ்தவர்களுக்குத் தபசுகாலம் பிறந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான். கத்தோலிக்கர் தவக்காலம் என்பார்கள். சீர்திருத்தச் சபையார் லெந்து நாட்கள் என்பார்கள். பெயர் எதுவானாலும் சரக்கு ஒன்றே.

அப்படிக் காவி கட்டியிருந்த ஒரு நண்பரைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டீக்கடை வாசலில் சந்தித்தோம். நல்ல மனிதர், பிறருக்கு ஒரு கஷ்டமென்றால் முதலில் போய் நிற்பவர்.

"என்ன அண்ணே, டீ சாப்பிடலாமா?" என்றோம்.

"இல்லை தம்பி. நாற்பது நாளைக்கு டீ, கறி, சினிமா மூன்றையும் விட்டுவிட்டேன்" என்றார்.

"ஜாதியை?" என்றோம்.

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அது வேறு விஷயம் தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அது வேறு விஷயமா, அல்லது அது ஒன்றுதான் விஷயமா என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் எழுத உத்தேசிக்கின்றோம்.

முதலில், இந்த விரதம் இன்னதென்று தெரியாத தோழர்களுக்காக அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். ஏசு வனாந்தரத்தில் நாற்பது நாள் உண்ணாமல் இருந்ததாகச் சொல்லப்படுவதை நினைத்து நடத்துவது இது. மார்ச் 21-ந் தேதியிலோ அதற்குப் பின்னோ வருகின்ற முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர் பண்டிகை. அதிலிருந்து பின்னோக்கி 46 நாட்களை எண்ணினால் விபூதிப் புதன் வரும். இடையிலுள்ள 6 ஞாயிற்றுக்கிழமைகளை விரதக் கணக்கில் சேர்ப்பதில்லையாதலால் மிஞ்சுவது 40 நாள். போன வருஷத்துக் குருத்தோலை ஞாயிறன்று ஊர்வலத்தில் பிடித்த ஓலைகளைச் சுட்டுச் சாம்பலாக்கி, "நீ மண், மண்ணுக்கே போவாய்" என்ற கருத்தைச் சொல்லி, பாதிரியார் அதை நெற்றியில் பூசுவார். நாள் முழுவதிலும் ஒரே ஒரு முழுச் சாப்பாடு என்பதற்கு ஒருசந்தி என்று பெயர். கறி நீக்கிய சாப்பாட்டுக்குச் சுத்தபோசனம் என்று பெயர். 1983-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி 14 வயது நிரம்பியவர்களுக்குச் சுத்தபோசனமும், 18 வயது நிரம்பியதிலிருந்து 60-வது வயது பிறக்கும் வரையில் ஒருசந்தியும் கடமை. அந்த ஒருசந்தியும் கட்டாயமாக இருப்பது விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டே நாட்களில்தான். மற்றபடி விடுவதெல்லாம் அவரவர் இஷ்டம், அவரவர் பக்தி.

இதில் நாம் சிரிப்பதற்கு வேண்டிய சங்கதிகள் இல்லாமலில்லை. சைவன் நெற்றியில் சாணிச் சாம்பல் பூசினால் அஞ்ஞானம் என்றும், கிறிஸ்தவன் நெற்றியில் ஓலைச் சாம்பல் பூசினால் ஞானம் என்றும் சொல்லுகிறார்கள். சாம்பலில் இவ்வளவு வித்தியாசம் இருப்பது எந்த ரசாயன சாஸ்திரத்திலும் எழுதப்படவில்லை. ஆட்டுக்கறியைச் சாப்பிட்டால் விரதபங்கம். அதைவிட விலை கூடிய வஞ்சிர மீனை வறுத்துச் சாப்பிட்டால் அது சுத்தபோசனம்! செட்டிநாட்டுச் சமையற்காரர் கைப்பட்ட மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஒருவர் "நான் இன்று தவமிருக்கிறேன்" என்று சொல்வாரானால், அப்படிப்பட்ட தவத்திற்கு நாமும் ஒருநாள் பெயர் கொடுக்கத் தயார்தான். போதாக்குறைக்கு வீட்டுத் தலைவர் விரதமிருக்கிற நாளில் வீட்டம்மாளுக்கு அடுப்பு வேலை இரட்டிப்பாகும். அவருக்குத் தனிச் சமையல், குழந்தைகளுக்குத் தனிச் சமையல். புண்ணியம் அவர் கணக்கில், புகை இந்த அம்மாள் கண்ணில்.

ஆனால் தோழர்களே, சிரித்துவிட்டுப் போய்விடுவதனால் நம் வேலை முடிந்துவிட்டதாக நாம் கருதவில்லை. வருஷத்தில் நாற்பது நாள் ஒருவன் தன் ஆசையை அடக்கிப் பார்க்கிறேன், என் நடத்தையைத் திருத்திக்கொள்கிறேன் என்று புறப்படுவதில் குற்றம் என்ன இருக்கிறது? கள்ளை விட்டவன், சூதை விட்டவன், மனைவியை அடிப்பதை விட்டவன் எந்தச் சாக்கில் விட்டாலும் லாபம் லாபமே. தவம், ஜெபம், தர்மம் என்று மூன்றையும் சேர்த்தே அவர்கள் சபை சொல்லுகிறது. பசியையும் நோயையும் எதிர்த்து காரித்தாஸ் இந்தியா என்ற அவர்களது ஸ்தாபனம் ஒவ்வொரு தவக்காலத்திலும் நிதி திரட்டுகிறது. மிச்சம் பிடித்த காசு அப்படி ஏழைக்குப் போகுமானால் அதை நாம் ஏன் பழிக்க வேண்டும்?

கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு குடும்பம் ஞாயிறுதோறும் 400 ரூபாய்க்குக் கறி வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஞாயிறும் வாங்காமல் விட்டால் மிச்சம் 2400 ரூபாய். அந்த 2400 ரூபாய் உண்டியலுக்கோ, பக்கத்துவீட்டுக் கைம்பெண் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கோ போனால் அதை விரதம் என்று சொல்லலாம். ஈஸ்டர் அன்று ஒரே நாளில் பிரியாணிக்குப் போனால் அது விரதமல்ல, சேமிப்புச் சீட்டு.

நிற்க. கிறிஸ்தவர்களின் வேதப் புஸ்தகத்திலேயே இந்த விஷயத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஏசாயா என்ற பழைய தீர்க்கதரிசியின் பெயரால் உள்ள ஆகமத்தில் 58-ம் அதிகாரம், விரதமிருந்தும் கூலிக்காரனை வருத்துகிறவர்களைக் கடிந்து பேசுகிறது. தலையைத் தொங்கப்போட்டுச் சாம்பலில் உட்காருவதை அது விரதமாக ஒப்புக்கொள்ளவில்லை. கட்டுண்டவன் கட்டை அவிழ்ப்பதும், பசித்தவனுக்குப் பகிர்ந்து கொடுப்பதுமே உண்மையான விரதம் என்ற கருத்தை அது சொல்லுகிறது. விபூதிப் புதனன்று கோயிலில் வாசிக்கப்படுகிற மத்தேயு 6-ம் அதிகாரமோ, விரதமிருப்பதை ஊருக்குக் காட்டிக்கொள்ளாதே என்று ஏசு புத்தி சொன்னதாகக் கூறுகிறது. அதை வாசித்து முடித்த கையோடுதான் ஊர் முழுவதும் தெரியும்படி நெற்றியில் சாம்பல் பூசுகிறார்கள்! இதை நாம் சொன்னால் நாஸ்திகம் என்பார்கள். ஆகையால் அவர்கள் புஸ்தகத்தையே திறந்து பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கின்றோம்.

ஆகவே கேள்வி, துறப்பது நல்லதா கெட்டதா என்பதல்ல. எதைத் துறப்பது, யார் செலவில் துறப்பது என்பதுதான். இதற்கு நம் சீமையிலேயே சரித்திரம் இருக்கிறது.

1930 டிசம்பரில், இந்தச் சிவகங்கை ஜில்லாவெல்லாம் சேர்ந்திருந்த பழைய இராமநாதபுரம் ஜில்லாவில், நாட்டார்கள் என்பவர்கள் கூடி ஆதித்திராவிடர்களுக்கு 8 கட்டளைகள் போட்டார்கள். 1931-ல் இந்தியா முழுமைக்கும் ஜனக்கணக்கு எடுத்த ஹட்டன் துரை அவற்றைத் தமது புஸ்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக்கூடாது, ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது, சட்டை, பனியன் கூடாது, கிராப்பு வைக்கக்கூடாது, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது, பெண்கள் மேல்துணி போடக்கூடாது, பெண்கள் பூவும் மஞ்சளும் வைத்துக்கொள்ளக்கூடாது, குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியமும் ஆடுமாடும் கொள்ளை போயின. 1931 ஜூனில் கட்டளைகள் 11 ஆயின. அவற்றில் ஒன்று, பிள்ளைகள் எழுத்து வாசனை அறியக்கூடாது என்பது.

இந்தப் பட்டியலை இன்னொருமுறை படித்துப் பாருங்கள். பூ வைக்காமை, நகை போடாமை, செருப்பில்லாமல் நடத்தல், பட்டும் பகட்டும் இல்லாத உடை. இவையெல்லாம் பக்தர்கள் தாங்களாகவே ஆசைப்பட்டு நாற்பது நாள் அனுசரிக்கின்ற விரதங்களல்லவா? ஒருவன் மனமுவந்து நாற்பது நாள் செய்தால் தவம் என்று பெயர் பெறுவதை, இன்னொருவன் மேல் பரம்பரை பரம்பரையாகத் தடி எடுத்துத் திணித்தார்கள். ஆயுள் முழுவதும் தபசுகாலமாகவே கழித்த ஜனங்கள் அவர்கள். அவர்களுக்கு ஈஸ்டர் என்று ஒன்று வரவேயில்லை. செருப்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வேளாங்கண்ணிக்கு நடக்கிற அன்பரே, செருப்புப் போட்டதற்காக அடிபட்டவனுடைய பேரன் உமது பக்கத்தில் நடக்கும்போது, உமது வெறுங்காலுக்கு என்ன விசேஷ புண்ணியம் என்று கேட்கின்றோம்.

இனி ஓரியூருக்கு வருவோம். நமக்குப் பக்கத்தில், திருவாடானைச் சீமையில் இருக்கும் ஊர். லிஸ்பனில் 1647-ல் பிறந்து இங்கே வந்து, காவியுடுத்துப் பண்டார சுவாமியாக வாழ்ந்த ஜான் டி பிரிட்டோ என்னும் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ந் தேதி அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தார். 1947-ல் ரோமாபுரிச் சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. ஓரியூரின் சிவந்த மண் அவருடைய ரத்தத்தால் சிவந்தது என்று சொல்லி அதைப் பக்தியோடு எடுத்துப் போகிறார்கள். மண்ணில் இரும்புத்துரு கலந்திருந்தால் மண் சிவக்கும். ரத்தம் சிந்திய இடமெல்லாம் சிவக்குமானால், பண்ணைகளில் அடிபட்டவர்களின் ரத்தத்தால் நம் ஜில்லாவில் கறுப்பு மண்ணே மிஞ்சியிராது.

ஆனால் அவர் சாவுக்குக் காரணமாகச் சொல்லப்படும் சம்பவம் யோசிக்கத்தக்கது. தடியத்தேவர் என்ற பெரிய மனிதர் கிறிஸ்தவராவதற்காக, தமது பல மனைவியரில் ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப் பெண். அவள் போய் முறையிட, அரசர் கோபங்கொள்ள, அருளானந்தர் தலை போயிற்று என்பது கதை. இதில் அருளானந்தர் உயிர்த்தியாகி; தேவர் மனந்திரும்பிய பக்தர். வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட பெண்களுக்கு என்ன பெயர்? பல மனைவியரைக் கட்டியது தவறுதான். அந்தத் தவறைச் செய்தவர் ஒருவர், அதற்குப் பிராயச்சித்தமாகத் தெருவில் நின்றவர்கள் வேறு சிலர். துறந்தவர் மோட்சத்துக்குப் போனார். துறக்கப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று எந்தப் பிரசங்கியாரும் கேட்டு நாம் அறியோம். அடுத்தவர் தலையில் கட்டுகின்ற துறவு துறவே அல்ல என்பதுதான் இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம்.

இனி, "அது வேறு விஷயம்" என்றாரே நம் நண்பர், அந்த விஷயம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் ஏசுவின் கோயிலுக்குள்ளேயே ஜாதிக்கொரு பக்கமாகப் பிரித்துத் தடுப்பு வைத்திருந்தார்கள். 1910-ல் கௌசானல் என்ற பாதிரியார் அதை இடித்தார். உடனே மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், சென்னை உயர்நீதிமன்றம் வரையிலும் போனார்கள், தோற்றார்கள். ஆண்டவன் சந்நிதியில் யாரும் சமம் என்பதை எதிர்த்து ஆண்டவனுடைய பிள்ளைகளே வக்கீல் வைத்து வாதாடிய அதிசயம் இது!

பழங்கதை என்று சொல்லிவிட முடியாது. 2008 மார்ச் 9-ந் தேதி, அந்நாளைய விழுப்புரம் ஜில்லா எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள் என்பதற்காக ஜாதிக் கிறிஸ்தவர்கள் கலகம் செய்து, போலீஸ் சுட்டு, இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான். ஏன் தனிப் பங்கு கேட்டார்கள்? தங்கள் வீட்டுப் பிணத்தைப் பொது வீதி வழியாகக் கோயிலுக்குக் கொண்டுபோக முடியவில்லை என்பதனால். அந்த மார்ச் 9 என்ன கிழமை? ஞாயிறு. என்ன காலம்? தவக்காலத்தின் அய்ந்தாவது ஞாயிறு! கறியை விட்டிருப்பார்கள், பூவை விட்டிருப்பார்கள், மேளத்தை விட்டிருப்பார்கள். ஒரு பிணம் போகிற வழியை விட்டுக்கொடுக்க மட்டும் மனம் வரவில்லை.

இது நாஸ்திகர்கள் கட்டிவிட்ட கதையல்ல என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? இந்தியக் கத்தோலிக்க மேற்றிராணிமார்களின் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்கள் முன்னேற்றக் கொள்கை அறிக்கையில், நாட்டிலுள்ள கத்தோலிக்கர் சுமார் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துக்கள் என்றும், அவர்கள் சபைக்குள்ளேயே தீண்டாமையை அனுபவிக்கிறார்கள் என்றும் அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பாவசங்கீர்த்தனம் செய்ததற்காக அவர்களைப் பாராட்டுகின்றோம். ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்குப் பின் பரிகாரம் என்று ஒன்று உண்டு என்பது அவர்கள் மதத்திலேயே உள்ள விதி.

சர்க்காரும் இதில் யோக்கியமாய் நடந்துகொள்ளவில்லை. 1950-ல் வந்த ஜனாதிபதி உத்தரவு, இந்து மதத்தில் இருப்பவனுக்கே தாழ்த்தப்பட்டோர் உரிமை என்றது. 1956-ல் சீக்கியரையும், 1990-ல் பௌத்தரையும் சேர்த்துத் திருத்தினார்கள். கிறிஸ்தவனைச் சேர்க்கவில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபை அவர்களையும் சேர்க்கும்படி தீர்மானம் போட்டு மத்திய சர்க்காரைக் கேட்டது. கோயிலுக்குள் போனால் "நீ தாழ்ந்த ஜாதி, தள்ளி நில்" என்கிறார்கள். ஆபீசுக்குப் போனால் "நீ கிறிஸ்தவன், உனக்கு ஜாதி கிடையாது" என்கிறார்கள். உதைக்கும்போது இருக்கிற ஜாதி, உரிமை கேட்கும்போது மட்டும் எங்கே ஓடி ஒளிந்துகொள்கிறது?

பெரிய வியாழனன்று பாதிரியார் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுகின்ற சடங்கு ஒன்று உண்டு. ஏசு தம் சீஷர்களின் காலைக் கழுவியதாகச் சொல்லப்படுவதன் ஞாபகம். 2013-ல், 2025-ல் மறைந்த போப் பிரான்சிஸ், ரோமாபுரியில் உள்ள இளங்குற்றவாளிகள் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். இத்தனைக்கும் பெண்களையும் சேர்க்கலாம் என்று சடங்கு விதியை மாற்றியதே 2016-ல்தான். விதி மாறுவதற்கு முன்பே மனிதர் செய்து காட்டினார். சடங்கைச் சடங்காக வைத்துக்கொண்டே அதற்குள் ஒரு அர்த்தத்தைப் புகுத்த முடியும் என்பதற்கு இது உதாரணம். நம் ஊர்களில் அந்தப் பன்னிரண்டு பேர் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதை அந்தந்த ஊர்க் கிறிஸ்தவர்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். கழுவியது பாதிரியார் கை. அந்தக் காலுக்கு உரியவனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியது ஊரார் கடமை.

"கடவுள் இல்லையென்கிற உங்களுக்கு எங்கள் விரதத்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆத்மா வளர்கிறதா தேய்கிறதா என்று அளக்க நம்மிடம் படியுமில்லை, தராசுமில்லை. ஆனால் மனிதன் நடத்தையை அளக்க முடியும். நாற்பது நாளைக்கு முன் யார் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாரோ, நாற்பது நாளைக்குப் பின் அவர் கையில் வாங்கிக் குடித்தால் வளர்ச்சி. அதே கையை அப்போதும் ஒதுக்கினால் அவர் இளைத்தது வயிறு மட்டுமே. இந்த அளவுகோலைப் பிடிப்பதற்கு ஆஸ்திகமும் வேண்டாம், நாஸ்திகமும் வேண்டாம். கண் இருந்தால் போதும்.

இதே அளவுகோலை நம் தோழர்கள் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. கடவுளை விட்டேன், சடங்கை விட்டேன், நெற்றிக்குறியை விட்டேன் என்று மேடையில் அடுக்குகிற தோழர்களில் எத்தனை பேர், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது சொந்த ஜாதிக்குள்ளேயே சுற்றி வருகிறார்கள்? கேட்டால், "வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது வேறு விஷயம்" என்கிறார்கள். காவி கட்டிய நண்பர் சொன்ன அதே வார்த்தை! கறுப்புச் சட்டைக்குள் இருந்து வந்தாலும் காவி வேட்டிக்குள் இருந்து வந்தாலும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் ஒன்றேதான். விட சுலபமானதையெல்லாம் விட்டாயிற்று, விட வேண்டியதை விடவில்லை என்பதுதான் அது.

ஆகவே கிறிஸ்தவத் தோழர்களுக்கு ஒரு யோசனை சொல்லுகின்றோம். உங்கள் மதத்தை விடும்படி இந்த வியாசத்தில் நாம் கேட்கவில்லை. அடுத்த தவக்காலத்தில் கறியைச் சாப்பிடுங்கள், டீயைக் குடியுங்கள். அதற்குப் பதிலாக நாற்பது நாளைக்கு ஜாதியை மட்டும் விட்டுப் பாருங்கள். கோயிலில் எங்கே இடமிருக்கிறதோ அங்கே உட்காருங்கள். சப்பரமும் சிலுவைப்பாதையும் சேரித் தெரு வழியாகவும் போகட்டும். ஒரே கல்லறைத் தோட்டமாக இருக்கட்டும். மண்ணாகப் போகிறவர்களுக்கு மண்ணில் என்ன மேல்கீழ்? ஒருசந்தி முடித்துச் சாப்பிடும் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டை, இதுவரை நீங்கள் வாசல்படி ஏறாத வீட்டில் போய்ச் சாப்பிடுங்கள். கூலி கொடுக்கிறவர்கள் அந்த நாற்பது நாளும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கொடுங்கள்.

நாற்பது நாளைக்குத்தானே என்று பயப்படாமல் ஆரம்பிக்கலாம். ஆனால் ஒன்றை முன்கூட்டியே எச்சரித்து வைக்கின்றோம். கறியையும் டீயையும் நாற்பது நாள் கழித்து மறுபடி எடுத்துக்கொள்வது சுலபம். கூட உட்கார்ந்து சாப்பிட்டவனைப் பார்த்து நாற்பத்தொன்றாம் நாள் "தள்ளி நில்" என்று சொல்ல, மானமுள்ள எவனுக்கும் நாக்கு வராது.